சொல்லாமல் எழுந்து போனவர்கள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஐந்து பேரை. வயிற்றில் சுமந்தது மூன்று. மற்ற இரண்டும் என் நாத்தனார் விட்டுப்போன பிள்ளைகள். ஐந்து பேரில் ஒருவரைக்கூட அடுத்த வீட்டில் போய் ஒரு கை அரிசி கேட்க நான் விட்டதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமை இல்லாதவள் மாதிரி எழுத எனக்கு வராது.

வாராவாரம் இந்தப் பத்திரிகையில் என் கதையை எழுதுகிறேன். போன வாரம், கல்யாணம் முடிந்து நான் போத்தனூர் ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியோடு இறங்கிய இடத்தில் விட்டிருந்தேன். இந்த வாரம் மாமியார் வரவேண்டும். பேனாவை எடுத்தால் அவர் வரமாட்டேன் என்கிறார். என் கடைசி மகள் ரெஜினாதான் வந்து குறுக்கே நிற்கிறாள். அவளை எழுதி இறக்கி வைத்தால்தான் மற்றவர்களுக்கு வழி கிடைக்கும் போலிருக்கிறது. மாமியார் காத்திருக்கட்டும். உயிரோடு இருந்தபோதும் என்னை எவ்வளவோ காக்க வைத்தவர்தான்.

பின்கட்டுக் குழாயடி

வெயில் இன்னும் தாழாத பிற்பகல். நான் குழாயடியில் உட்கார்ந்து மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ரயில்வே லைன் பக்கம் கூட்ஸ் வண்டி பெட்டி மாற்றும் சத்தம். அந்தச் சத்தத்தில் வெளிக் கேட்டு திறந்தது எனக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்தால் ரெஜினா நிற்கிறாள்.

ரெஜினா பம்பு கம்பெனியில் மோட்டாருக்குள் செம்புக் கம்பிக் காயில் இறக்குகிற வேலை பார்க்கிறாள். பொழுது சாய்ந்துதான் வீடு வருவாள். அன்றைக்குக் கம்பெனியின் நீலக் கோட்டுகூடக் கழற்றவில்லை. கையில் சாப்பாட்டுப் பை அப்படியே கனத்துத் தொங்கியது. வாசல் வழியாக வராமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்திருந்தாள். பையைத் துணி துவைக்கிற கல்லில் வைத்தாள். குடத்தைத் தூக்கிக் கோட்டோடு தலையில் ஊற்றினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. கோயிலுக்குப் போகிறவர்களானாலும் சரி, எங்களைப்போல மாதா கோயிலுக்குப் போகிறவர்களானாலும் சரி, இந்த ஊரில் இப்படி வந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டால் அது சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போய்விட்டு வந்ததுதான்.

"யாரு கண்ணு?" என்றேன்.

"சரசக்கா" என்றாள். அடுத்த குடத்தைத் தூக்கினாள்.

நனைந்த கோட்டிலிருந்து வார்னிஷ் வாடை எழும்பி மீன் வாடையை அமுக்கியது. மோட்டார்க் காயிலுக்கு அடிக்கிற வார்னிஷ். அந்த வாடைதான் எங்கள் வீட்டுச் சோறு. ரெஜினாவின் வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்கென்று போய் அங்கேயே தங்கிவிட்டார். அது வேறு வாரத்துக்கான கதை. எழுதுவேனா என்று எனக்கே தெரியாது.

திரும்பிப் பார்க்காமல்

சரசு என்கிற சரஸ்வதி, ரெஜினாவுக்குப் பக்கத்து மேஜை. வெள்ளலூர்ப் பக்கம் வீடு. கல்யாணம் செய்துகொள்ளாதவள். நடக்க முடியாத தாயை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தவள். நெஞ்சுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டுதான் வேலைக்கு வந்தாள். அன்று காலை, கம்பியைத் தள்ளுகிற மூங்கில் பட்டையைக் கையில் பிடித்தபடியே மேஜைமேல் தலையைச் சாய்த்தாள். சித்த நேரம் படுத்திருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்த ரெஜினா கையை எடுத்துக்கொண்டாள்.

கம்பெனி வண்டியில் தூக்கிப் போனார்கள். வைத்தியம் பார்த்துவந்த டாக்டரே பார்த்து, இறந்துவிட்டாள் என்று சீட்டு எழுதிக் கொடுக்க, வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

வண்டி கேட்டைத் தாண்டியதும், காயில் இறக்குகிற வைண்டிங் பகுதிப் பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி எழுந்திருக்கிறார்கள். பட்டையைக் கீழே வைத்தார்கள். மேஜை விளக்கை அணைத்தார்கள். வெளியே நடந்தார்கள். அடுத்த பகுதிப் பெண்களும் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தார்கள். டவுன் பஸ் பிடித்து வெள்ளலூர் போனார்கள். சூப்பர்வைசர் பழனிச்சாமி உள்ளூர்க்காரர், வயதானவர். அவர் கதவோரம் தலையைக் குனிந்து நின்றாராம். ஒருத்தியும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இங்கேதான் வினை.

எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் "வாரேனுங்க" என்று சொல்லாமல் வாசல் தாண்ட மாட்டோம். கடைக்காரரிடம் சொல்வோம். பஸ் கண்டக்டரிடம் சொல்வோம். பல் பிடுங்கின டாக்டரிடம்கூடச் சொல்லிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வோம். ஆனால் சாவு நடந்த இடத்தில் மட்டும் சொல்ல மாட்டோம். "வாரேன்" என்றால் இன்னொரு முறை இதே காரியத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். அதனால் எழுந்து, பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விடுவோம். அன்றைக்கு அந்த மேஜைதான் சாவு நடந்த இடம். அவர்கள் வேறு எப்படிக் கிளம்புவார்கள்?

எச்.ஆர். ஆபீசர் வெளியூர்க்காரர், புதிதாக வந்தவர். கண்ணாடி அறையிலிருந்து பார்த்திருக்கிறார். கொடி இல்லை, கோஷம் இல்லை, இத்தனை பெண்கள் வாய் திறக்காமல் வரிசையாக வெளியே போகிறார்கள். முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். அழுது கத்தியிருந்தால் அவருக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

வெள்ளலூரில் இந்தப் பெண்கள்தான் சரசுவைக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். வேறு யாரும் இல்லை. எவ்வளவு சீயக்காய் போட்டுத் தேய்த்தும் விரலில் வார்னிஷ் கறை போகவில்லை என்று ரெஜினா சொன்னாள்.

காப்பி வேண்டாமென்ற ஸ்ட்ரைக்

ஸ்ட்ரைக் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் மில்லில் ரீலிங் பகுதியில் நூல் சுற்றியவள். அந்த மில் மூடி, இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் நான் வேறு ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

எங்கள் சங்கத்துக்கு வேலுச்சாமி அண்ணன் என்று ஒருவர் இருந்தார். வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட கை. ஸ்ட்ரைக்குக்கு முதல் நாள் மேனேஜர் அறைக்குப் போய், "ஏனுங்க சார், நாளைக்குக் காத்தால எந்திரத்தைத் தொட மாட்டமுங்க. நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்கப்படாதுங்க" என்பார்.

மேனேஜரும் எங்கள் பக்கத்துக்காரர். "சரிங்க, உக்காருங்க. காப்பி சாப்பிட்டுப் போங்க" என்பார்.

"காப்பியக் குடிச்சுப்போட்டு ஸ்ட்ரைக் பண்ணினா நல்லா இருக்காதுங்க. அது முடியட்டுமுங்க, வந்து குடிக்கறேன்."

மரியாதைக்குக் குறைவில்லை. அதற்காக அடி விழாமலும் இல்லை, போலீஸ் வராமலும் இல்லை. மரியாதை ஒரு பக்கம், அடி ஒரு பக்கம்.

பெண்களுக்கென்று நாங்கள் ஒரே ஒரு முறை நிறுத்தினோம். கக்கூஸுக்குக் கதவு கேட்டு. கோணிப்பைதான் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் ஒரு கையால் கோணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேலுச்சாமி அண்ணனே நெளிந்தார். "கதவு கேட்டு ஸ்ட்ரைக்கா அம்மணி? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க."

"கதவு இல்லாதது வெளிய தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களாங்க?" என்று கேட்டது நான்தான்.

மறுநாள் ரீலிங் பெண்கள் அத்தனை பேரும் எந்திரத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அந்தப் பெரிய கூடத்தில் எந்திரம் நின்றால் பேசுகிற குரலே புதிதாக இருக்கும். சாமான் வந்து இறங்கின மரப்பெட்டியை உடைத்து அந்த வாரமே கதவு அடித்தார்கள். பெட்டியில் அச்சடித்திருந்த எழுத்துகள் தலைகீழாக இருந்தன. நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். மறந்துபோன எழுத்தையெல்லாம் கழுத்தைச் சாய்த்து அந்தக் கதவில்தான் திரும்பக் கூட்டிப் படித்தேன். வெளியே நிற்கிறவள், "அக்கா, படிச்சது போதும், வாங்க" என்று கதவைத் தட்டுவாள்.

முன்கூட்டியே நோட்டீஸ்

சரசு போன மறுநாள் ரெஜினாவின் கம்பெனிப் பலகையில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். முந்தைய நாள் நடந்தது சட்டவிரோத வேலைநிறுத்தம். வெளியே போன ஒவ்வொருத்தரும் அதை ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, இனிமேல் செய்ய மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்களுக்குத் திங்கட்கிழமையிலிருந்து உள்ளே இடமில்லை.

ரெஜினாவும் சில பெண்களும் சங்கம் பதிய மனுக் கொடுத்திருந்த நேரம் அது. சங்க ஆபீஸ் சண்முகத்தை வீட்டுக்கு வரச் சொன்னோம். சின்ன வயது, நல்ல பையன். பேச ஆரம்பித்தால் டீயை மறந்துவிடுவான்.

"டெல்லியில சட்டத்த மாத்திட்டாங்கம்மா. அதுக்குத் தக்கன நம்ம மாநிலத்துல விதி எழுதறாங்க. வரைவுதானுங்க, முடிவாகலை. ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுக்கலாம். ஆனா கம்பெனிக்காரங்க இப்பவே அது வந்துட்ட மாதிரிதான் பேசறாங்க."

"அதுல என்ன தம்பி இருக்குது?"

"பாதிப் பேருக்கு மேல பேசி வெச்சு ஒரே நாள்ல லீவு போட்டா, அதுவும் ஸ்ட்ரைக் கணக்குல வருமுங்க. ஸ்ட்ரைக்குன்னா முன்கூட்டியே நோட்டீஸ் குடுத்திருக்கோணும். குடுக்கலைன்னா சட்டவிரோதம். அபராதம், ஜெயில்னு போகுமுங்க."

"சாவுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் எப்படித் தம்பி குடுக்கறது? சரசுகிட்டக் கேட்டு வெச்சிருக்கோணுமாக்கும்?"

அவன் சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டான். ரெஜினா சிரிக்கவில்லை. "அது பேசி வெச்சுப் போனதே இல்லீங்களே சண்முகம்" என்றாள்.

"பேசி வெக்கலைன்னு எப்படிங்கக்கா காட்டுவீங்க? எல்லாரும் ஒண்ணாத்தானே போயிருக்கீங்க."

பேசாமல் போனதைப் பேசி வைக்கவில்லை என்று எதை வைத்துக் காட்டுவது? சண்முகம் ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "கையெழுத்து மட்டும் போட்டறாதீங்கக்கா. போட்டா ஸ்ட்ரைக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. நாளைக்குச் சங்கத்தையே அதைக் காட்டி அமுக்குவாங்க" என்று சொல்லிப் போனான்.

நானும் மகளும்

அவன் போனதும் நான்தான் ஆரம்பித்தேன். ரத்தம் சூடாகிவிட்டது எனக்கு.

"ஆமா, ஸ்ட்ரைக்குத்தான்னு தலை நிமுந்து சொல்லிப்போடு. என்ன இப்போ? நாங்கெல்லாம் பண்ணாததா?"

ரெஜினா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "நீ பண்ணினது கதவுக்கும்மா. நாங்க யாருகிட்ட என்னத்தக் கேட்டோம்? சரசக்காளுக்குத் தண்ணி வாக்கப் போனோம். அதுக்கு ஸ்ட்ரைக்குன்னு பேரு வெக்கச் சொல்றியா?"

"அப்ப மன்னிப்பு எழுதிக் குடுக்கப் போறியா?"

"அதுவும் மாட்டேன். அழுவப் போனதுக்கு மன்னிப்புக் கேட்டுப்போட்டு, அடுத்த கேதத்துக்கு எந்த மூஞ்சியோட போவேன்?"

"இதுவும் இல்ல, அதுவும் இல்லைன்னா சோத்துக்கு?"

அவள் மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போக எழுந்தோம் என்று மறந்துவிடுகிறது. வெளிக் கேட்டுவரை போகிறேன், திரும்புகிறேன். செபமாலையைக் கையில் எடுத்தால் பாதியில் மனசு கம்பெனி வாசலில் நிற்கிறது. என் காலத்தில் எதிரில் நிற்பது யார் என்று தெரிந்தது. போய் நின்று கேட்டோம். இப்போது எழுதிக்கொண்டிருக்கிற விதிக்கு முகம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன்.

கம்பெனி வாசலில்

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். ரெஜினா வேண்டாமென்றாள். "பஸ்ஸுல எனக்கு ஓசி டிக்கெட்டு. உனக்கு என்ன செலவு?" என்று ஏறிக்கொண்டேன்.

கேட்டில் காவலாளி எழுந்து நின்றார். "அம்மணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை உள்ள விடப்படாதுன்னு சொல்லிப்போட்டாங்க."

"ஏனுங்க, அன்னைக்கு வண்டி வெளிய போகையில நீங்களும்தான் தொப்பியக் கழட்டினீங்களாமா?" என்றேன் நான்.

"கழட்டினேனுங்க பெரியம்மா. அதை மட்டும் எங்கியும் சொல்லிப்போடாதீங்க."

பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். அநேகம் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. அவரவர் அடுப்பு அவரவருக்குத் தெரியும். விஜயா என்கிற பெண் மட்டும் ரெஜினாவின் பக்கத்தில் நின்றுவிட்டாள். வெள்ளலூரில் சரசுவின் தலைமயிரைச் சீவிவிட்டவள் அவள்தான்.

"ரெஜியக்கா, எனக்கு ரெண்டும் பொட்டப்புள்ளைங்க..." என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"போ கண்ணு, நேரமாச்சு. லேட்டானா அரை நாள் புடிச்சுக்குவாங்க" என்று ரெஜினா அவள் முதுகில் கை வைத்து உள்ளே அனுப்பினாள்.

வெயில் ஏறியது. எச்.ஆர். ஆபீசரே வெளியே வந்தார். சின்னப் பையன், முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு. "பாட்டி, வெயில்ல நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க" என்றார்.

"நான் நிக்கறது ஸ்ட்ரைக் ஆகாதுங்க. ஒருத்திதான். பாதிப் பேர் ஆக மாட்டேன்."

அவருக்கு அது ரசிக்கவில்லை. ரெஜினாவைப் பார்த்து, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார். "சட்டம் எல்லாம் மாறிட்டிருக்கும்மா. முன்ன மாதிரி இல்ல. எழுந்து போகச் சொன்னது யார்னு மட்டும் சொல்லுங்க. மத்தவங்களுக்குப் பிரச்சனை வராம நான் பார்த்துக்கறேன்."

"யாரும் சொல்லலீங்க சார்" என்றாள் ரெஜினா. "சொல்லப்படாதுங்கறதுதானுங்க அங்க வழக்கமே."

"அப்படி ஒரு வழக்கம் உண்டுன்னு நான் மேல எப்படி எழுதறது?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு கவரைக் கொடுத்தார். விசாரணைக்கு வரச் சொல்லி. அதுவரைக்கும் வேலை இல்லை. விசாரணையில், பெண்களைத் தூண்டிவிட்டு வெளியே கூட்டிப்போனவள் என்று ரெஜினாவின்மேல்தான் குற்றம். மேஜையை விட்டு முதலில் எழுந்தது அவள் என்று கேமராவில் இருக்கிறதாம். முதலில் தொட்டுப் பார்த்தவள்தானே முதலில் எழுவாள்?

இன்றைக்கு

விசாரணை வருகிற வாரம். சண்முகம் வரைவு விதிக்கு ஆட்சேபணை எழுதிச் சேர்க்க ஊர் ஊராக அலைந்துகொண்டிருக்கிறான். ரெஜினா கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறாள். இன்று காலை சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துடைத்தாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் முறை வந்தபோது சொல்லிவிட்டேன். "உன்னைப் பத்தித்தான் எழுதியிருக்கேன். கம்பெனிப் பேரு போடலை. ஆனா படிக்கறவங்களுக்குத் தெரிஞ்சுபோகும்."

"விசாரணைக்கு முன்னால வந்துருமா இது?"

"வந்துரும்."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "அவங்க படிச்சா எனக்கு வேலை போனது போனதுதான்."

"தெரியும். அதுக்குத்தான் கேக்கறேன். வேண்டாம்னா கிழிச்சுப்போடறேன். மாமியாரை எழுதி அனுப்பறேன்."

"விஜயா அழுததை எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன்."

"காவக்காரர் சொல்லாதீங்கன்னு சொன்னதையுமா?"

"அதையும்தான்."

ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த வாரம் முழுக்க அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. "சரி, நீ என்னதான் எழுதியிருக்கேன்னு கேக்கறேன்" என்றாள்.

என் எழுத்து எனக்கே சில இடத்தில் பிடிபடாது. உள்ளே ரெஜினாவின் மகள் இருக்கிறாள். சரவணம்பட்டிப் பக்கம் காலேஜில் படிக்கிறாள், இன்று லீவு. கூப்பிட்டேன்.

"அனிதா, சித்தெ இங்க வா கண்ணு. அந்த இயர்போனக் கழட்டிப் போட்டு வா. இந்தா, முதல்ல இருந்து வாசி. சத்தமா வாசி, ஆனா அவசரப்படாதே. உங்கம்மா கையத் தூக்குற எடத்துல நிறுத்தி ஒரு கோடு போட்டுக்க, அதை எடுத்துப்போடலாம். தூக்கலைன்னா நீ பாட்டுக்கு வாசிச்சுட்டே போ."